கடலெண்ணெய் குடித்த ஜீப் டாப்பு

போன மாதம் ஒருவர் போன் செய்தார். திருச்சுழியில் பேங்கில் வேலையாம். புது ஜீப் வாங்கியிருக்கிறார், கழற்றி மாட்டுகிற டாப்பு வைத்தது. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "மேடம், டாப்பு கொஞ்சம் மங்குன மாதிரி தெரியுது. எண்ணெய் கிண்ணெய் தடவலாமா?" என்றார்.

"தாராளமா தடவுங்க. அப்படியே எலிகளுக்கும் ஒரு பத்திரிகை வச்சிருங்க" என்றேன்.

மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எலியா?" என்றார். அப்புறம் அவருக்கு நிதானமாகச் சொன்னேன். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்குங்கள், பிறகு மெல்லிய சோப்புத் தண்ணீர், பிறகு நிழலில் காயவைப்பது, அவ்வளவுதான் என்று. நன்றி சொல்லி வைத்துவிட்டார். எலி விஷயத்தை அவரிடம் விளக்கவில்லை. அது போனில் சொல்கிற கதை இல்லை. என் வாழ்க்கையில் நான் பண்ணின பெரிய மடத்தனம் அது. இருபத்தாறு வருஷம் ரெக்ஸினும் ஊசியுமாகக் கழித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் அதை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

என் பெயர் சந்திரா. அருப்புக்கோட்டையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டுக்காரர் தறி ஓட்டினார். தறி பாதி நாள் சும்மா நின்றது. அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த சீட் கவர் கடைக்கு வேலைக்குப் போனேன். முதல் வருஷம் பழைய கவர்களில் தையல் பிரிக்கிற வேலை மட்டும். இரண்டாம் வருஷம் பைக் சீட்டு. மூன்றாம் வருஷம் ஜீப் டாப்பு. பிளவுஸ் தைக்கிற பொம்பளை ஜீப்புக்குச் சட்டை தைக்கிறாள் என்று சிரித்தார்கள். வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர், "ஏம்மா, ஜீப்புக்குக் கை வச்சுத் தைப்பியா, கையில்லாமத் தைப்பியா?" என்று கேட்டார். "ஒங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி" என்றேன். அடுத்த வருஷம் அவர் தன் மச்சான் ஜீப்பையும் என்னிடமே கொண்டுவந்தார்.

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ரெக்ஸின் கடையில் பசையும் மெழுகும் கரியுமாக நாங்கள் கிடக்க, அவர் மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி இருப்பார். பேச்சு குறைவு. கத்திரி கையில் இருக்கும்போது வாயே திறக்க மாட்டார். யாராவது விலை கேட்டால்கூட கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில்.

அந்த வெள்ளை வேட்டி அழகுக்கு இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு டாப்பு தைத்து முடித்து வண்டியில் மாட்டியதும் அண்ணாச்சி ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்காருவார். நான் மேலேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் நடுவில். பிறகு நான்கு மூலை. பிறகு ஜன்னலுக்குப் பதிலாக வைக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியைச் சுற்றி. எங்கள் ஊரில் தண்ணீர் என்ன பாடு என்று தெரியுமே, வண்டிக்குக் கீழே தொட்டி வைத்து, விழுகிற தண்ணீரையே பிடித்துப் பிடித்துத் திரும்ப ஊற்றுவோம். அண்ணாச்சி இறங்கி வந்து வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும், "பிரி" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்த பயம் வேறு எதற்கும் பயந்ததில்லை.

டாப்பு தைப்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஜீப்பின் வளைவுக் கம்பியில் பழைய டாப்பை வைத்து அளவெடுக்க வேண்டும். உச்சி வெயிலில் அளவெடுக்கக் கூடாது. ரெக்ஸின் வெயிலில் நெகிழ்ந்து இளகிக் கிடக்கும். அந்த அளவுக்கு வெட்டினால் மார்கழிக் காலையில் சுருங்கி, டிச் பட்டன் ஒன்றும் எட்டாது. தையல் நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று நினைப்பார்கள். நெருக்கமாகப் போட்டால் ஊசித் துளைகள் வரிசையாக நின்று, காலண்டர் தாள் கிழிகிற மாதிரி கிழிந்துவிடும். நீளத் தையல்தான் போட வேண்டும், நூலை மெழுகில் இழுத்துவிட்டு. இரண்டு துண்டு சேருகிற இடத்தில் முன்துண்டு மேலேயும் பின்துண்டு கீழேயும் இருக்க வேண்டும், வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி. மாற்றித் தைத்தால் வண்டி ஓடுகிற வேகத்தில் மழை நேராக உள்ளே வந்துவிடும்.

தைப்பதைவிட வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்து ஜனங்கள் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறவர்கள். பிளாஸ்டிக் கண்ணாடியில் படிந்த கரிசல் தூசியைக் காய்ந்த துண்டால் தேய்ப்பார்கள். ஆறு மாதத்தில் கண்ணாடி கீறிக் கீறிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். "ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திட்டுத் துடைங்களேன்" என்றால், "குடிக்கவே லாரித் தண்ணி, வண்டிக்கு ஊத்துறதா?" என்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

பாலவனத்தம் ஊர்க்காரர் ஒருவர் ஜீப்பை மாப்பிள்ளை அழைப்புக்கு விடுவார். டாப்பைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளையைத் திறந்த வண்டியில் நிற்கவைத்து மேளத்தோடு ஊர் சுற்றி வருவார்கள். கழற்றிய டாப்பைத் துணி வைத்துச் சுருட்டி வைக்க வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் அதை மண்டபத்துச் சமையல்கட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சமையல்காரர் அது என்னவென்று தெரியாமல், கொதிக்கக் கொதிக்க வடித்த சோற்று அண்டாவை அதை வைத்து மூடிவிட்டார். கடைக்கு வந்தபோது டாப்பு அண்டா வாய் மாதிரி வட்டமாகக் குழிந்து, ஓரத்தில் கேசரி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நெய் நல்ல நெய்யி" என்றார். அவர் பண்ணின ஒரே நகைச்சுவை அது.

இப்படி ஊரார் மடத்தனத்தை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான்தான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். திருச்சுழியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கிருந்து ராமலட்சுமி அக்கா என்று ஒருவர் வந்தார். வீட்டுக்காரர் லோடு லாரி ஓட்டி வடக்கே போனால் வர மாதக்கணக்காகும். நிலம் இருந்தது, பழைய ஜீப் ஒன்று இருந்தது. அக்காவே ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊரில் எட்டுப் பெண்பிள்ளைகளைத் திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஒன்பது மணிப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தரை மணிக்குத்தான் அந்த ஊருக்குப் பஸ் வரும். வேறு வழியில்லை.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் டாப்பு கிழிந்து பிள்ளைகள் இரண்டு நாள் தொப்பலாக நனைந்து போய் இறங்கியிருக்கின்றன. ஈர உடுப்போடு வகுப்பில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அப்பன்மார் கூடி, "வயசுப் புள்ளைக இப்படி நனைஞ்சுக்கிட்டு டவுனுல எறங்குறதா? நல்லா மூடுன வண்டின்னா அனுப்புறோம், இல்லன்னா படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அக்கா ஆவணி மாதம் புது டாப்பு தைக்க எங்களிடம் வந்தார். கறுப்பு ரெக்ஸின். நான்தான் தைத்தேன். அண்ணாச்சி வேட்டி நனையவில்லை.

வண்டியை எடுக்கும்போது அக்கா டாப்பைத் தடவித் தடவிப் பார்த்தார். "இப்படியே பளபளன்னு இருக்குமா சந்திரா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. எங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு நான் கடலை எண்ணெய் தொட்டுத் துடைப்பேன், அது கண்ணாடி மாதிரி மின்னும். "ஆயுத பூசைக்குக் கொஞ்சம் கடலெண்ணெய் தொட்டுத் துடைச்சுவிடுங்கக்கா. புதுசு தோத்துரும்" என்றேன். அண்ணாச்சி உள்ளே இருந்தார். யாரும் சொல்லித்தராததை நானாக அளந்துவிட்டேன்.

அக்கா கொஞ்சமாகத் தடவுகிற ஆள் இல்லை. வீட்டில் ஆட்டின கடலெண்ணெய். ஒரு படி எண்ணெயை வைத்துக்கொண்டு டாப்பு முழுக்கக் குளிப்பாட்டியிருக்கிறார். பூசை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு. வண்டி கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையில் நின்றது. அந்தக் கொட்டகை எலிகளுக்கு மூட்டையைவிட டாப்பு ருசித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சாக்குப்பையில் டாப்பைச் சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து கடை நடுவில் கொட்டினார். பின்மூலை ஒன்று முழுசாகக் காணோம். தையல் ஓரமெல்லாம் பல் பல்லாகக் கடித்திருந்தது. பிளாஸ்டிக் கண்ணாடியின் விளிம்பு தொங்கியது.

"ரெண்டு மாசங்கூட ஆகல அண்ணாச்சி! திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. மழ வேற புடிச்சுக்கிருச்சு. முத்துமாரி அப்பன் இப்பவே வாசல்ல வந்து நின்னு, 'என்னக்கா, வண்டி அம்மணமா நிக்கிது'ன்னு கேக்குறாரு. அந்தப் புள்ள பன்னெண்டாவது. ஒரு நாள் நிறுத்துனா அவரு திரும்ப அனுப்பமாட்டாரு. மாப்பிள்ள பாத்து வச்சிருக்காரு. சாக்குக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

அண்ணாச்சி குனிந்து ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "எண்ணெய்" என்றார். பிறகு, "யாருத்தா இதுக்கு எண்ணெய் தடவச் சொன்னது?" என்று அக்காவைக் கேட்டார்.

தறி நின்று போன வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நானாத்தான் தடவுனேன் அண்ணாச்சி" என்றார்.

"அப்ப ரெக்ஸினைக் குத்தம் சொல்லாதீக. இது கடை தப்பு இல்ல. ஒட்டுப்போட நேரமும் இல்ல. திங்கக்கெழமைக்கு நடக்காது" என்று அண்ணாச்சி திரும்பிவிட்டார்.

அக்கா சாக்கை விரித்து டாப்பைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் வாய் மூடிக்கொண்டு இருந்திருப்பேன். திட்டாமல் மடித்தாரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. முகம் தெரியாத அந்த முத்துமாரியின் கழுத்தில் என் நாக்கு தாலி கட்டுகிறது என்று தோன்றியது.

"நாந்தான் அண்ணாச்சி தடவச் சொன்னேன். அவுக பொய் சொல்றாக" என்றேன்.

கடையில் மெஷின் சத்தம் நின்றது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "போ" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரில் தொங்கின வேட்டி ஒன்றை எடுத்து உதறினார். "ஞாயித்துக்கெழம இதக் கட்டிக்கிட்டு உள்ள உக்காருவேன். அதுக்குள்ள தச்சு வையி" என்றார். அக்காவிடம், "நீங்க ஞாயித்துக்கெழம காலையில வண்டியக் கொண்டாங்க" என்றார்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, "ஏங்க்கா பொய் சொன்னீக?" என்று கேட்டேன்.

"நீ முழிச்ச முழியப் பாத்தேன். பொறியில சிக்குன எலியே தேவலன்னு தோணுச்சு" என்றார்.

எலி கடித்தது பெரிய விஷயமில்லை, எண்ணெய்தான் பெரிய விஷயம். எண்ணெய் இருக்கிற இடத்தில் பசை பிடிக்காது. சோப்பு போட்டுப் பார்த்தேன், வழவழப்பு போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் போகும், கூடவே ரெக்ஸினும் வெடித்துப் போகும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டுப்புடவையில் எண்ணெய் பட்டால் என்ன செய்வோம்? வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூந்திக்கொட்டையை உடைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு வாளி நுரையோடு வந்தேன். சீயக்காய் போட்டிருந்தால் திப்பி கண்ணாடியைக் கீறியிருக்கும். இது வெறும் நுரை. மெல்லிய துணியால் ஒரு சாணாகத் தொட்டுத் தொட்டுக் கழுவினேன்.

அண்ணாச்சி வந்து செய்தித்தாளை டாப்பின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார், பஜ்ஜியை ஒற்றுகிற மாதிரி. தாளில் எண்ணெய் வட்டம் விழுந்தது. "இன்னும் இருக்கு" என்றார். இரண்டாம் தடவை கழுவினேன். தாளில் சின்ன வட்டம். மூன்றாம் தடவை கழுவிய பிறகு தாள் தாளாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை மழை விட்டு நாலு மணி நேரம் வெயில் அடித்தது. அந்த வெயிலை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். டாப்பு காய்ந்தது. கறுப்பு ரெக்ஸின் கடையில் தீர்ந்துவிட்டது. மதுரையில் வாங்கி வர நேரமில்லை. மெரூன் கலர் துண்டுதான் கிடந்தது. ஒட்டுத்துண்டுகளை மூலை வைத்து வெட்டக் கூடாது, மூலைதான் முதலில் கிளம்பும். எல்லாவற்றையும் முட்டை வடிவத்தில் வெட்டி, உள்ளே ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு வைத்துப் பசை போட்டு, மேலே பலகையும் கல்லும் ஏற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தையல். பழைய ஊசித் துளை கிடைத்த இடத்தில் எல்லாம் அந்தத் துளையிலேயே ஊசியை இறக்கினேன். புதுத் துளை போட்டால் அது தாங்காது.

அக்கா வெறும் கம்பியோடு ஜீப்பைக் கொண்டுவந்தார். மாட்டினோம். கறுப்பு டாப்பில் மெரூன் வட்டங்கள். "அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றார் அக்கா. அண்ணாச்சி அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினார். குடத்தைக் கவிழ்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை. மூன்று மூலையிலும் ஒன்றுமில்லை. எலி தின்ற பின்மூலையில் ஊற்றியதும் உள்ளேயிருந்து, "பிரி" என்று சத்தம் வந்தது.

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒட்டுத்துண்டின் முன்விளிம்பு மழையைப் பார்த்து வாய் திறந்திருந்தது. பக்கத்திலிருந்த பழைய தையலைப் பிரித்து, அந்த விளிம்பை உள்ளே செருகி, பழைய தையலோடு சேர்த்து ஓட்டினேன். மறுபடியும் மாட்டி மறுபடியும் தண்ணீர். அண்ணாச்சி இறங்கிவந்து வேட்டியை விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நீயும் கூடப் போத்தா. ஓடுற வண்டியில மழ எப்படி விழும்னு என் வேட்டிக்குத் தெரியாது. நாளைக்குப் புள்ளைகளோட உக்காந்து பாத்துட்டு வா" என்றார்.

மத்தியானமே அக்காவோடு கிளம்பி அவர் வீட்டில் தங்கினேன். திங்கட்கிழமை விடியும்போதே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து ஏறின. கடைசியாக முத்துமாரி, கூடவே அவள் அப்பா கருப்பையா. டாப்பைச் சுற்றி வந்தார். மெரூன் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னக்கா இது, எலி தின்ன மிச்சமா? ஒட்டுப்போட்ட வண்டியில எம்புள்ளய அனுப்ப முடியாது" என்றார்.

ராமலட்சுமி அக்கா வாய் திறக்குமுன் அந்தப் பிள்ளையே பேசிவிட்டது. "நம்ம வீட்டு ஓட்டுக்கு நாலு எடத்துல சாக்கப் போட்டுத்தானப்பா மூடியிருக்கு. அதுக்கடியிலதான் நானு படுக்கேன், நீங்களும் படுக்கீக. வண்டி ஒட்டு மட்டும் ஒங்களுக்குக் கேவலமாக்கும்?"

உள்ளே இருந்த ஏழும் கொல்லென்று சிரித்தன. கருப்பையா முகம் சிவந்தது. "சரி, இன்னைக்குப் போ. பொட்டு நனைஞ்சு வந்தா இன்னையோட சரி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஊர் எல்லை தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? முன்னால் ரோடே தெரியவில்லை. நான் அந்தப் பின்மூலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். எதிரே முத்துமாரி. என்ன செய்கிறாள் என்று பார்த்தால், பையிலிருந்து செடி படம் வரைந்த நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். மை பேனாவில் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். வேர், தண்டு, இலை. ஒரு துளி விழுந்தால் பக்கம் முழுக்க ஊறிப்போகும். "மூடி வையேன் புள்ள" என்றேன். "இன்னைக்கு டீச்சர்கிட்ட வைக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

திருச்சுழி வரைக்கும் நான் மழையைப் பார்க்கவில்லை, டாப்பையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தேன். பள்ளிக்கூட வராந்தாவை ஒட்டி வண்டி நின்றது. பக்கம் காய்ந்தே இருந்தது. அவள் ஊதி, மையைத் தொட்டுப் பார்த்து, நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, வராந்தாவுக்குத் தாவினாள். எட்டுப் பிள்ளைகளும் காய்ந்த பாவாடை தாவணியோடு மணியடிக்கும் முன் உள்ளே போயின.

நான் குடை கொண்டுவரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கொட்டுகிற மழையில் நடந்தேன். நடந்தேன் என்று சொல்லக் கூடாது, துள்ளினேன். கண்டக்டர், "ஏம்மா, ஆத்துல விழுந்து வாரியா? சீட்டெல்லாம் ஈரமாயிரும், நின்னுக்கிட்டே வா" என்றார். அருப்புக்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

கடைக்குள் நுழைந்தேன். சேலையிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அண்ணாச்சி கையில் கத்திரி இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கத்திரியைக் கீழே வைக்கக்கூட மறந்து, "ஒழுகிருச்சாத்தா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. நனைஞ்சது நான் மட்டுந்தான்" என்றேன்.